ஒன்றேமுக்கால் சுற்று

ஜெபசெல்வி சுண்ணாம்புக்குளத்தில் கடை போட்டு நான்கு மாதம் ஆகியும் யாரும் அவளை என்ஜினைத் தொட விடவில்லை. ஸ்பேனர்களை அளவு வாரியாக மாட்டி வைத்திருந்தாள். ஐ.டி.ஐ. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். ஆனாலும் பஞ்சர் ஒட்டவும் காற்றடிக்கவும் மட்டுமே வந்தார்கள். மற்றதற்கெல்லாம் ஆரம்பாக்கத்தில் கோபால் இருக்கிறான் என்று போய்விடுவார்கள்.

முதன்முதலில் என்ஜின் வேலை கொடுத்தது மீன் விற்கிற கஸ்தூரியம்மாள். நம்பிக்கையால் அல்ல, வேறு வழி இல்லாமல். விடியற்காலையில் ஏரித்துறையில் இறாலும் நண்டும் எடுத்து, ஐஸ் பெட்டியோடு மொபெட்டில் ஆரம்பாக்கம் போய் ரயிலைப் பிடிக்கிறவள் அவள். பதினைந்து நாளாக வண்டி பாதி வழியில் புகை கக்கிக்கொண்டு நின்றது. மூன்று முறை ரயில் போய்விட்டது.

“கோபாலே ரெண்டு வாட்டி கார்புரேட்டர கழட்டிப் பார்த்துட்டான். நீ இன்னா பண்ணப்போற? இன்னிக்கு ஆவலனா வித்துட்டு வீட்ல குந்திக்கறேன்,” என்றாள்.

வண்டியில் ஒரு பொட்டு சேறில்லை, ஒரு மீன் செதில் இல்லை. ஜெபசெல்வி பிளக்கைக் கழற்றினாள். கரியாக இருந்தது. பெட்ரோலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதிச் சுத்தம் செய்தாள். என்ஜினைச் சூடேற்றி, காற்றுத் திருகை முழுக்க உள்ளே முடுக்கிவிட்டு, கால் கால் சுற்றாக எண்ணிக்கொண்டே வெளியே எடுத்தாள். ஒன்றரைச் சுற்றில் சத்தம் சீராக நின்றது. கஸ்தூரியம்மாள் துறையில் கிடந்த பெட்டியை எடுத்து வரக் கிளம்பினாள்.

அரை மணி நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். ஸ்டாண்டு போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதுதான் ஜெபசெல்விக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் கவனித்தாள். வண்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புதிதாகக் கழுவிய வண்டி. வழியில் நின்றுபோன வண்டியை எதற்குக் கழுவ வேண்டும்?

அன்று அவளுடைய அண்ணன் சாம்சனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை இல்லாத நாள். ஜெபசெல்வி பிளக்கைத் துடைத்துப் போட்டு மொபெட்டைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, அவன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு, “நீங்க தெனம் எப்டிப் போவீங்களோ அப்டியே போங்கக்கா, நாங்க பின்னாலயே வர்றோம்,” என்றாள்.

துறைக்குப் போகும் பாதையில் தாழ்வான ஓர் இடத்தில் ஏரித்தண்ணீர் முழங்கால் அளவு ஏறி நிற்கும். பதினைந்து நாளாக அப்படித்தான். தண்ணீர் ஓரத்தில் கஸ்தூரியம்மாள் இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, காற்று உள்ளே போகும் பில்டர் வாயில் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினாள்.

“இது இன்னாக்கா?”

“தண்ணி உள்ள பூந்துடாம இருக்கத்தான். மூச்சு விட சின்னதா ஓட்டை கூட போட்டிருக்கேன் பாரு. திரும்பி வர்றப்பவும் தண்ணி தாண்டணுமே, அப்பறம் ரயிலப் புடிக்கற அவசரம், அதனால எல்லாம் முடிஞ்சி வீட்டுக்குப் போயிதான் கழட்டுவேன்.”

“கோபால் அண்ணன் கிட்ட இத காட்டலையா?”

“டாக்டர் கிட்ட அழுக்குப் பொடவையோடவா போவாங்க? கழட்டிட்டு, கழுவித் தொடைச்சிதான் குடுப்பேன்.”

சாம்சன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். ஜெபசெல்வி சிரிக்கவில்லை. காற்றை அடைக்கும் அந்தப் பையைக் கழற்று என்று சொல்வது சுலபம். கழற்றினால் தண்ணீர் ஏறிவிடும். அந்த அம்மாள் செய்ததில் பாதி சரிதான்.

கடைக்கு வந்ததும் பழைய தண்ணீர் மோட்டாரின் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டினாள். பில்டர் வாயில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை சீட்டுக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோய்க் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினாள். குழாய் வழியே காற்று கொஞ்சம் குறைவாக வரும் என்பதால், திருகை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. பாரத்தோடு பார்த்தால்தான் சரியாக இருக்கும். அண்ணனை ஐஸ் பெட்டியோடு பின்னால் உட்காரச் சொன்னாள்.

“என்னை மீன் கூடையாக்கிட்டியா?” என்றான் சாம்சன். ஆனாலும் உட்கார்ந்தான். நான்கு முறை தண்ணீரைத் தாண்டிப் போய்வந்து, நான்கு முறை பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். நான்காவது முறை பிளக் முனை காபித்தூள் நிறத்தில் இருந்தது, காற்றும் பெட்ரோலும் அளவாகச் சேர்ந்தால் வரும் நிறம். திருகு ஒன்றேமுக்கால் சுற்றில் நின்றது. அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தாள்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் கஸ்தூரியம்மாள் காலிப் பெட்டியோடு கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ரயிலுக்கு முன்னாடியே போய் நின்னேன்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை துறையிலிருந்து நான்கு பெண்கள் நான்கு மொபெட்டுகளோடு வந்தார்கள். நான்கிலும் சேறு காய்ந்திருந்தது, செதில் ஒட்டியிருந்தது, பில்டர் வாயில் பிளாஸ்டிக் பை கட்டியபடியே இருந்தது. முன்னால் நின்ற காந்தா, வெட்கப்பட்டுக்கொண்டே, “கழுவாம அப்டியே கொண்டு போங்கன்னு கஸ்தூரியக்கா சொல்லிச்சி,” என்றாள்.

ஜெபசெல்வி முதல் வண்டியின் அருகில் உட்கார்ந்தாள். ரப்பர் குழாய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உள்ளே பார்க்கச் சொல்லி அண்ணனுக்குக் குரல் கொடுத்தாள்.