மூடிக்குக் கீழே மாட்டிக்கொண்ட பேட்டரி

இந்த வாரம் உங்களிடம் அதிகம் பேசத் தெம்பில்லை. புதன்கிழமை கொள்ளிடக் கரையில் நின்ற கால்வலி இன்னும் போகவில்லை. வலி காலில் மட்டும் இருந்தால் பரவாயில்லை...

நான் டைப்பிஸ்டாக இருக்கும் ஆபீஸில் ஒரு மோட்டார் படகு உண்டு. வெள்ளக் காலத்துக்கென்று போன வருஷம் வந்தது. இன்ஜினுக்கு மேலே கட்டில் அகலத்துக்கு ஒரு மூடி. கைப்பிடி கிடையாது. ஸ்விட்சை அழுத்தினால் பேட்டரி பலத்தில் தானே எழுந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் தானே படுத்துக்கொள்ளும்.

ஸ்ரீரங்கத்தில் இந்த வேடிக்கையைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆடிட்டுக்கு வந்தவர்கள், ஆபீஸர் வீட்டு விருந்தாளிகள், தபால்காரர் – எல்லோரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இன்ஜின் ஓடினால்தான் பேட்டரி சார்ஜ் ஆகும். ஓட்டுவதற்குப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். மூடியைத் திறந்து மூட யார் உத்தரவு வேண்டும்?

பேட்டரி எங்கே இருக்கிறது என்கிறீர்களா? அந்த மூடிக்குக் கீழேதான்.

புதன் காலை ஆற்றில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. நடுத் திட்டில் வாழைக்குக் காவல் இருப்பவர் முருகேசன். அவர் அரிசி வாங்கக் கரைக்கு வந்திருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் திட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த இழுப்பில் பரிசல் போகாது. படகை ஆபீஸ் ஜீப்பில் கட்டி இழுத்துவந்து தண்ணீரில் இறக்கினோம். டிரைவர் பாக்கியநாதன் இன்ஜினைக் கிளப்பப் பார்த்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பேட்டரியைப் பார்க்க மூடியின் ஸ்விட்சை அழுத்தினார். அந்த 'டிக்'கூட இல்லை.

அந்த ஸ்விட்சை அதற்கு முன் கடைசியாக அழுத்தியது யார் என்று அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை. நான்தான்.

மூடியை நெம்பித் திறக்க பாக்கியநாதன் கடப்பாரையை எடுத்தார். ஆபீஸர் தடுத்தார். கவர்மெண்ட் சொத்தாம், உடைந்தால் யார் பொறுப்பாம். முருகேசன் கிட்டே வந்தார்.

"நான் பொறுப்பு எடுத்துக்கறேன் சார். எதுல வேணா எழுதிக்குங்க. கைநாட்டு வெச்சா செல்லுங்களா?"

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்.

படகோடு வந்த புத்தகம் என் கையிலிருந்த ஃபைலில் இருந்தது. ஸ்டாக்கில் வந்தது வந்தபடியே இருக்க வேண்டும் என்று அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட இத்தனை நாள் யாரும் பிரிக்கவில்லை. கிழித்தேன். ஆபீஸர் என்னைப் பார்த்தார்.

பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு பக்கமே இருந்தது! பின் சீட்டுக்கு அடியில் வட்டமாக ஒரு சின்ன அடைப்பு. அதைத் திருகி எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட வேண்டும். மூடியைத் தூக்கும் கம்பியின் நுனியில் ஒரு இரும்புப் பின் இருக்கும். அதை உருவினால் மூடி தனியாக வந்துவிடும். அப்புறம் கையாலேயே தூக்கலாம்.

நான் வாசிக்க வாசிக்க பாக்கியநாதன் தேடினார். அடைப்பு திருகவில்லை. ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்காக அதன் மேலேயும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கத்தியால் சுரண்டினார். ஒருவழியாகக் கழன்றது. தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினார்.

"ஆப்ட்ருச்சு மேடம்... இருங்க... வந்துருச்சு."

நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள். கம்பியின் பிடி இல்லாததால் அது திரும்ப விழப் பார்த்தது. துடுப்பை முட்டுக் கொடுத்தார்கள். ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்ததும் இன்ஜின் இருமிவிட்டுக் கிளம்பியது.

படகு திரும்பியபோது மூன்று பேரும் அதில் இருந்தார்கள். இடுப்புவரை நனைந்திருந்தார்கள். முருகேசனின் மனைவி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி – "அரிசி வாங்கப் போன ஆளுக்கு இம்புட்டு நேரமா?" முருகேசன் அழுதுகொண்டே சிரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். ஸ்விட்சை அநாவசியமாக இயக்கியவர் யார்? வந்த பதில்களை எல்லாம் டைப் அடித்தவள் நான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் 'நான் இல்லை'.

என் விஷயம் இதுதான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மகள் வேலை பார்க்கிற இடத்தைக் காட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தேன். மூடியை மூன்று தடவை திறந்து மூடிக் காட்டினேன். பாரம் தூக்கியே பழகிய மனுஷர், மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "கரண்டு நின்னு போச்சுன்னா இதை எப்படிம்மா தூக்குவாங்க?" என்றார்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா" என்றேன்.

எனக்கு மட்டும் என்ன புரிந்திருந்தது?

கடைசிப் பதிலாக என்னுடையதை டைப் அடித்தேன். 'நான்தான்' என்று. கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆபீஸர் என்ன செய்வார் என்ற பயம்கூட இப்போது பெரிதாக இல்லை.

வாரா வாரம் இந்தப் பத்தியை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரமும் வாசிக்க வேண்டும்.