நேர்ந்தது அவள், ஓடியது நான்

அன்பான சகோதர சகோதரிகளே, ஏழு வருடங்களுக்கு முன் என்னுடைய இரண்டு கால்களும் ஒரே நாளில் செத்துப்போயின. அந்தக் கால்களோடுதான் போன மார்கழி மாதம் தலைமன்னாரில் இருந்து உயிலங்குளம் வரை ஓடினேன். அதுவும் எப்படிப்பட்ட மழையில்! இதைச் சொல்லாமல் என் நெஞ்சு ஆறாது. அதனால் ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

என் பெயர் சந்தியோகு. ஊர் மன்னார்த் தீவில் பள்ளிமுனை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சங்கு குளிப்பதுதான் என் தொழில். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக இருந்தபோது ஒரு நாள் அடியில் நல்ல சங்கு கண்டேன். மூன்று தரம் இறங்கியும் ஆசை விடவில்லை. நான்காம் தரம் இறங்கி, அவசரமாக மேலே வந்துவிட்டேன். ஆழத்தில் இருந்து மெல்ல மெல்லத்தான் ஏறவேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்த வேலை அது. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய தொடையையோ கிள்ளியது போல் இருந்தது.

இரத்தத்தில் காற்றுக்குமிழ் அடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில வாரங்கள், பிறகு வீட்டில் பாயோடு பாயாக மாதக்கணக்கில். கடலில் மீனாகத் திரிந்தவனுக்கு மூத்திரம் போவதற்கும் ஆள் வேண்டியிருந்தது. சாகவேண்டும் என்று கேட்டேன். உண்மையைத்தானே சொல்லவேண்டும், ஆண்டவரிடம் நான் அப்போது கேட்டது அது ஒன்றுதான்.

ஆனால் என் மனைவி பிலோமினா வேறொன்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தாய் பிள்ளையின் தலைமுடியை நேருவாள். பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. பிலோமினாவும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று, வாய்விட்டே நேர்ந்துவிட்டாள். “தாயே, இவர்ர காலை எழுப்பித் தா. தீவின்ர அந்த முனையில இருந்து இந்த முனை மட்டும் இவர் ஓடி வருவார்.”

கோயிலில் இருந்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் பள்ளிமுனை முழுவதும் தெரிந்துவிட்டது. கடைசியாக அறிந்தவன் நான்தான்.

“ஓடியோ?” என்று பாயில் கிடந்தபடி கத்தினேன். “நடந்து எண்டு நேர்ந்திருக்கக் கூடாதோ?”

“நடந்து எண்டு எல்லாரும்தானே நேருகினம்” என்றாள். “பெரிசாய்க் கேக்கேக்க பெரிசாய்க் குடுக்க வேணும்.”

இரண்டு கிழமை கழித்து என் வலது பெருவிரல் அசைந்தது. நான் கதறிய கதறலில் அயலே திரண்டு வந்தது. அடுத்த மாதம் சுவரைப் பிடித்து நின்றேன். வருடம் முடியுமுன் பொல்லை ஊன்றி என் சொந்தக் காலில் நற்கருணை வாங்கப் போனேன். ஆண்டவர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார். இனி என் பங்கு.

என் பங்கை நான் ஆறு வருடம் இழுத்தடித்தேன். முதலில் முழங்கால் நோ என்றேன். பிறகு வெயில் என்றேன், கச்சான் காற்று என்றேன், கரையில் எஞ்சின் திருத்துகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றேன். பிலோமினா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் வீட்டில் எது பிழைத்தாலும் என் நேர்த்திதான் காரணம். மகளின் பரீட்சை, ஒழுகுகிற கூரை, காணாமல்போன பூனை, எல்லாம்! நானும் சிரித்துச் சமாளித்தேன்.

போன வருடம்தான் அது சிரிப்பில்லை என்று எனக்கு விளங்கியது. குளிர் நாட்களில் என் இடது கால் விறைக்கும். அதைக் கண்ட நாளில் இருந்து அவள் வெள்ளி, செவ்வாய் என்று சாப்பாட்டை விட்டாள். நித்திரையும் போய்விட்டது. உடம்பு வற்றிப்போயிற்று. “தந்தவர் திருப்பி எடுத்துப்போடுவார்” என்று ஒரு நாள் அழுதாள். “நான்தானே நேர்ந்தனான். நான்தானே பொய்க்காரி.” சகோதரர்களே, என் கால்களுக்காக அழுதவளை நானே பொய்க்காரி ஆக்கி வைத்திருந்தேன்.

பங்குச் சுவாமியிடம் போய், இதை ஒரு பூசையாக மாற்ற முடியாதா என்று கேட்டும் பார்த்தேன். சுவாமி சிரித்துவிட்டார். “நேர்ந்தது உங்கட மனிசி, ஓட வேண்டியது நீங்கள். இதுக்குள்ள என்னை ஏன் இழுக்கிறியள்? ஆனா ஒண்டு சொல்லுறன், ஆண்டவர் அடிக்கிறதுக்குப் பொல்லோட நிக்கேல்லை.”

அந்தக் கிழமையே கடை வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. மரதன் ஓட்டம். தலைமன்னார் இறங்குதுறையில் தொடங்கி, தீவைக் கடந்து, பாலத்தால் பெருநிலத்துக்கு ஏறி, உயிலங்குளத்தில் முடியும். நாற்பத்திரண்டு கிலோமீற்றர். வயது எல்லை இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆண்டவரே எனக்கென்று பாதை கீறி ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்று மாலையே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் விடிய விடியக் கடற்கரையில் ஓடிப் பழகினேன். “என்ன சந்தியோகு அண்ணை, ஆர் துரத்துறது?” என்று வலை இழுக்கிறவர்கள் கேட்பார்கள். “என்ர மனிசியின்ர நேர்த்தி” என்பேன். கரையே சிரிக்கும். நாட்கள் போகப்போக எனக்கே ருசி பிடித்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில் மூச்சு வாங்க ஓடி வந்து பழஞ்சோறு சாப்பிடுகிற சந்தோசம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும்.

ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தாழமுக்கம் வந்தது. வாடைக்காற்றும் மழையும் விடாமல் அடித்தன. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. காலை ஆறு மணிக்கு இறங்குதுறையில் நின்றபோது கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். என் நெஞ்சில் குத்திய இலக்கக் கடதாசி முதல் கிலோமீற்றரிலேயே கரைந்து சேட்டோடு ஒட்டிக்கொண்டது. மகள் வாங்கித் தந்த சப்பாத்துக்குள் தண்ணீர் நிரம்பி, ஒவ்வொரு காலிலும் ஒரு மீன்பெட்டியைக் கட்டியது போல் கனத்தது. குளிரில் பல் கிட்டியது. ஆனால் நான் ஓடினேன்! வழியில் பேசாலை ஊரில் சனம் குடையோடு வாசலில் நின்று கைதட்டியது. ஒரு அம்மா மழைக்குள் இறங்கி வந்து, “குடிச்சிட்டு ஓடுங்கோ ஐயா” என்று தேத்தண்ணீரை நீட்டினார். பாதி தேத்தண்ணீர், பாதி மழை. அப்படி ஒரு தேத்தண்ணீர் நான் இதுவரை குடித்ததில்லை.

மன்னார்ப் பட்டினம் தாண்டி, தீவு முடிகிற இடத்தில், பாலத்தின் தலைப்பில் பிலோமினா நின்றாள். குடை காற்றில் மடிந்து கிடந்தது. கையில் துவாயும் காய்ந்த சேட்டும். முகத்தில் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

“முடிஞ்சுது” என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். “இந்த முனையும் வந்திட்டுது. நேர்த்தி முடிஞ்சுது. வாங்கோ, வீட்ட போவம்.”

உண்மைதான். அவள் நேர்ந்தது தீவு மட்டும்தான். ஏழு வருடப் பாரம் அந்த இடத்தில் என் தோளால் இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தேன். கலியாணத்தன்று பார்த்த முகம். நான் ஓட்டோவில் ஏறியிருக்கலாம். ஆனால் என் கால்கள் நிற்கமாட்டேன் என்றன. உள்ளுக்குள் ஒரு துள்ளல்! கடமைக்கு ஓடியது முடிந்துவிட்டது, இனி ஓடுவது சும்மா என்ற துள்ளல்.

“இவ்வளவும் உன்ர நேர்த்தி” என்றேன். “இனி ஓடுறது என்ர சந்தோசம். நீ பஸ்ஸில உயிலங்குளம் வா.”

“விசரே உங்களுக்கு!” என்று அவள் கத்தியது காற்றோடு போயிற்று.

பாலத்தில் ஏறிய பிறகுதான் அடி விழுந்தது. வாடை முகத்துக்கு நேரே. இரண்டு பக்கமும் கடல் எழும்பித் தெருவில் தெறித்தது. நான் அங்கே செய்த பிழையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சின்ன வயதில் பாய் வள்ளத்தில் தொழில் பழகியவன் நான். எதிர்க்காற்றுக்கு நேரே வள்ளம் போகாது. இந்தப் பக்கம் சரிந்து, பிறகு அந்தப் பக்கம் சரிந்துதான் போகவேண்டும். என் உடம்பு அதையே செய்தது. வலது கரைக்குச் சரிந்து ஓடி, திரும்பி இடது கரைக்குச் சரிந்து ஓடினேன். காற்றை ஏமாற்றுகிறேன் என்று எனக்குள் பெருமை வேறு! மூன்று கிலோமீற்றர் பாலத்தை எவ்வளவு நீட்டினேனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

நடுப்பாலத்தில் இடது கால் செத்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. குனிந்து கிள்ளினேன். அதே உணர்வு. வேறு யாருடையதோ கால். எனக்கு உலகம் இருண்டது. திருப்பி எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். பாலத்துக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன்.

செபிக்க வாய் வரவில்லை. என்ன சொல்லிக் கேட்பது? நேர்வதற்கு என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. ஓடுகிறேன் என்று நேரலாமென்றால், ஓடமுடியாமல்தானே இருக்கிறேன். கடைசியில் இப்படித்தான் கேட்டேன்: “ஆண்டவரே, தர என்னட்ட ஒண்டும் இல்லை. சும்மா தாரும்.” என் வாழ்நாளில் வெறுங்கையோடு கேட்ட முதல் செபம் அதுதான்.

“என்ன தம்பி, றோட்டை அளக்கிறியளோ?”

திரும்பிப் பார்த்தேன். உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தபடி, வேட்டியை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு ஒருவர். நெஞ்சில் அவருக்கும் கரைந்துபோன கடதாசி ஒன்று. உயிலங்குளத்தில் நெல்வயல் செய்கிற கமக்காரர், பெயர் சிவராசா, வயது அறுபத்திரண்டு.

“கனநேரமாய்ப் பின்னால பாத்துக்கொண்டு வாறன். அந்தக் கரைக்குப் போறியள், இந்தக் கரைக்கு வாறியள். குடிவெறி எண்டு நினைச்சன்.”

“கால் செத்துப்போச்சு அண்ணை” என்றேன். அழுதுவிட்டேன். சங்கு குளித்ததில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் மழைக்குள் குந்தி இருந்து என் சப்பாத்தைக் கழற்றினார். என் காலைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் தேய்த்தார். “சேத்துத் தண்ணிக்குள்ள நாள் முழுக்க நிண்டா எங்களுக்கும் இப்பிடித்தான் விறைக்கும். இது செத்த கால் இல்லை, குளிர்ந்த கால். பயப்பிடாதையுங்கோ.” தேய்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் முள்ளுக் குத்தியது போல் ஒரு வலி வந்தது. சகோதரர்களே, அந்த வலிக்கு நான் “தோத்திரம் ஆண்டவரே!” என்று கத்தினேன். அவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

பிறகு தன் உரப்பையைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தார். தெரு ஓரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டினார். “இது வரப்பு. காலை விலத்தினா சேறு. காத்து என்னட்ட அடிக்கட்டும், நீங்கள் என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ.”

“நீங்கள் நனையப்போறியள்.”

“எனக்கென்ன? இது நான் வீட்ட போற பாதைதானே. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு வெளிக்கிட்டனான், ஆரையாவது கூட்டிக்கொண்டு போகாட்டி வழி அலுக்கும்.”

காற்றை நிறுத்தும் என்று நான் கேட்டிருந்தால் ஆண்டவர் நிறுத்தியிருப்பாரோ தெரியாது. சும்மா தாரும் என்று கேட்டேன். காற்றுக்கு முன்னால் ஒரு முதுகைத் தந்தார்.

நாங்கள் ஓடினோம், நடந்தோம், திரும்ப ஓடினோம். தன் வயல் வெள்ளத்துக்குள் கிடக்கிறது என்றார் அவர். வடிந்தால் பயிர் தப்பும் என்றார். நான் உரப்பைக்குள் இருந்தபடி அவருடைய வயலுக்காகச் செபமாலை சொன்னேன், விரல்களால் எண்ணி. உயிலங்குளம் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. முடிவிடத்து வளைவு காற்றில் விழுந்து கிடந்தது. அதற்குப் பதிலாக இரண்டு ஆசிரியர்மார் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்காகவே மழையில் காத்து நின்றார்கள். கடைசியாக வந்த இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் விழுந்தோம். நின்ற சனம் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் நாங்கள்தான் முதலாவது என்று நினைத்திருப்பீர்கள்!

பிலோமினா ஓடி வந்தாள். என் காலைத் தொட்டாள், சிவராசா அண்ணையைக் கும்பிட்டாள், பிறகு வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி வாயைத் திறந்தாள். பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன்.

“ஐயோ, இனியொண்டும் நேர்ந்துபோடாதை!”

அவள் என் கையை விலக்கிச் சிரித்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

“நேரேல்லையப்பா. நன்றிதான் சொல்லப்போனனான்.”

அன்று வீட்டில் அவள் வயிறாரச் சாப்பிட்டு, விடியும் வரை அசையாமல் நித்திரை கொண்டாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவராசா அண்ணையின் வயலும் வடிந்து தப்பியது. தைப்பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டார், போய் வந்தோம். அவருடைய உரப்பை எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே தொங்குகிறது. இப்போதும் காலையில் ஓடுகிறேன். யாருக்கும் எதையும் நேர்ந்துகொள்ளாமல், கால் இருக்கிறது என்ற சந்தோசத்துக்காக ஓடுகிறேன்.

உங்களில் யாராவது நடுப்பாலத்தில் இருந்தால், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லையே என்று தயங்காதீர்கள். சும்மா கேளுங்கள். கேட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பாருங்கள், உரப்பையைப் போட்டுக்கொண்டு யாரோ வந்துகொண்டிருப்பார்.