துடைப்பம் ஒளித்த வீடு

என் அக்கா அம்சா விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும். அங்கே வேலை பார்க்கும் மகன் ஹரிஹரன் புறப்பட்டதிலிருந்து, தரையிறங்கிப் போன் செய்யும்வரை அவள் வீட்டில் துடைப்பம் படக்கூடாது. பயணம் போனவன் சேருமுன் கூட்டினால், பிணம் எடுத்த வீட்டைக் கூட்டுவது போல் ஆகிவிடும் என்பாள். யாராவது மறந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று துடைப்பத்தை வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். அவன் குரலைக் கேட்ட பிறகு முதல் வேலையாகக் கொல்லையைப் பெருக்குவாள்.

மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வதுதான் அவள் வேலை. கணவன் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகனைப் படிக்கவைத்தாள். அங்கேயும் இதே கதைதான்.

"இன்னா அம்சா, ரூம பெருக்காம கண்ணாடிய தொடச்சிகினு கீற?" என்பார் மேலாளர் பார்த்திபன்.

"அந்த வெள்ளக்காரம்மா இப்பத்தான் ஏர்போர்ட்டுக்குப் போவுது சார். அதுக்கும் ஒரு ஆத்தா இருப்பா இல்ல?"

"அது ஊரு போய்ச் சேர ஒரு நாளாவும். அதுவரைக்கும் ரூம பூட்டி வெச்சிடலாமா?"

"வாசக் கேட்டத் தாண்டட்டும் சார், போதும்."

போன மாதம் ஹரிஹரன் விடுமுறை முடிந்து காலை விமானத்தில் கிளம்பினான். நான் அக்காவுடன் இருந்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம் கடல் பக்கம் திரும்பியது. "இதான் அவன்து," என்றாள். எந்த விமானத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வாள். துடைப்பத்தை ஒளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கூடத்தில் கிடத்தினார்கள். "எடத்தக் கூட்டணும். தொடப்பம் எங்க கீது?" என்றாள் ஒருத்தி.

"புள்ள இன்னும் வானத்துல கீறான். அவன் எறங்கட்டும்," என்றேன்.

"காலேஜ் படிச்சவ பேசற பேச்சா இது," என்று முணுமுணுத்தபடி அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தைப் போனில் திறந்து அவன் விமானத்தைத் தேடினேன். நடுக்கடலில் புள்ளி நின்றது, பிறகு மறைந்தது. கடலுக்கு மேல் சில சமயம் அப்படி ஆகும் என்று ஹரி சொல்லியிருக்கிறான். இருந்தாலும் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நெடுநேரம் கழித்துக் கொல்லையில் சத்தம் கேட்டது. சரக், சரக். பெருக்கும் சத்தம். பெண்கள் எல்லோரும் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இறங்குமுன் யார் பெருக்குவது?

ஓடினேன். கொல்லையில் யாரும் இல்லை. வேப்பஞ்சருகு ஒரு மூலையில் குவிந்திருந்தது. மண்ணில் அக்கா இழுக்கும் அதே அரைவட்டக் கோடுகள். உள்ளே வந்து மூட்டைக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். துடைப்பம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் நுனியில் ஈரமண்.

அப்போது போன் அடித்தது.

"சித்தி, எறங்கிட்டேன். அம்மா போன எடுக்கல. இன்னா பண்றாங்க?"

"கொல்லையப் பெருக்கிட்டாடா," என்றேன்.

"அதான பாத்தேன்," என்று சிரித்தான். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அடுத்த விமானத்திலேயே திரும்பி வந்து கொள்ளிவைத்தான். காரியங்களை முடித்துவிட்டு இன்று மறுபடியும் கிளம்பினான். துடைப்பத்தை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். போன் பக்கத்தில்தான் கிடக்கிறது. என் காது கொல்லைப் பக்கமே இருக்கிறது.