கோழி அளவு அசைவு

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். வாசலில் காயவைத்த நெல் திருட்டுப் போனதால் கேமரா வைத்தோம். ஏதாவது அசைந்தால் உள்ளே அலாரம் அடிக்கும். கோழி மேய்ந்தாலும் அடித்தது.

"இன்னா இது, ஓயாம கத்திக்கினு கீது. பேஜாரு" என்று சலித்துக்கொண்ட என் கணவர், ஆள் நடந்தால் மட்டும் அடிக்கும்படி குறைத்து வைக்கச் சொன்னார்.

ஒரு மதியம், நெல்லுக்குக் காவலாகக் கட்டிலில் படுத்திருந்த மாமனாருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. குரல் எழவில்லை. அலாரம் அடிக்காததால் நான் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிடப் போனபோது உயிர் இல்லை.

கம்ப்யூட்டரில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கேமராவைப் பார்த்து வெகுநேரம் கையை ஆட்டியிருக்கிறார். அந்தக் கை கோழி அளவுக்குத்தான் அசைந்திருக்கிறது.

அலாரத்தைப் பழையபடி கூட்டி வைத்துவிட்டோம். கோழிக்கும் அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்.