பொலிஸில் இருந்த பாலன்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் பேக்கரிப் போறணை அடுப்புக்குள் பாண் தள்ளுகிற நீளக் கட்டையைத்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழும்பிக் கதைக்கச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறவாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கூட்டம் பாலன் குடிலைப் பற்றியது. கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்தில் ஒரு மரமும் இல்லை. ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் உண்டு. நத்தார் வந்தால் குழாயடியில் குடில் கட்டுவோம். மாதா, சூசையப்பர், மாடு எல்லாம் முன்னமே வந்துவிடும். பாலன் இயேசு மட்டும் இருபத்திநாலாம் திகதி பூசை முடிந்த பிறகுதான். அதுவரை நடுவில் வெறும் வைக்கோல் கிடக்கும். இப்போது அந்தப் பாலன் பழசாகிவிட்டதாம். முகத்தில் பெயின்ற் இல்லையாம். புதுச் சுரூபம் வாங்க வேண்டுமாம். பெயின்ற் எப்படிப் போனதென்று தெரிந்தவர்களே இதைச் சொல்கிறார்கள். எனக்கு எரியாமல் என்ன செய்யும்?

சில வருடங்களுக்கு முந்தின நத்தார் அது. சண்டைக் காலம்தான், இப்போது போலவே. பாலனின் கால் உடைந்திருந்தது. குடில் கமிட்டித் தலைவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். தோட்டத்தில் எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். பாலனை வைத்திருந்த பெட்டியைக் கீழே போட்டவர் அவர். எலி தட்டிவிட்டது என்று சொன்னவரும் அவர்தான். வெள்ளவத்தையில் கோயில் சிலைகளுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒரு சைவக்காரர் இருந்தார். அவரிடம் கொடுத்துக் காலை ஒட்டினோம். அதை எடுத்துவர என் மச்சானை அனுப்பினார்கள்.

மச்சான் என் மனைவியின் தம்பி. மன்னார்ப் பக்கத்தில் ஷெல் விழுகிறதென்று எங்களிடம் வந்திருந்தான். என்னோடு பேக்கரியில் மா மூட்டை தூக்கினான். பொலிஸில் பதிந்துதான் வீட்டில் வைத்திருந்தோம். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. "அவனை அனுப்பாதையுங்கோ" என்று நான் சொன்னேன். ஆனால் நான் சொன்னால் எனக்குப் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

திரும்பி வரும்போது ஆமிச் சென்றிச் சாவடியில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். மச்சான் கையில் பழைய பேப்பரில் சுற்றிய சாமான். ஆமிக்காரன் அதை வாங்கக் கை நீட்டினான். இவன் நெஞ்சோடு அணைத்துப் பின்னுக்கு இழுத்தான். ஏன்? பெயின்ற் காயவில்லை! தொட்டால் அழிந்துபோகும், கவனமாகக் கொண்டுபோ என்று பெயின்ற்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மன்னார் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆமிக்காரன் கேட்ட பார்சலைப் பின்னுக்கு இழுக்கிற ஆளை வேறெங்கே காண்பது? மச்சானையும் பாலனையும் ஒன்றாகப் பொலிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதே பஸ்ஸில் வந்த ஒரு தோட்டத்துப் பெண்தான் ஓடிவந்து சொன்னாள்.

அந்த நாட்களில் அப்படிப் போனவர்களில் சிலர் அன்றைக்கே வந்தார்கள். சிலர் மாதக்கணக்கில் வரவில்லை. சிலர் வரவே இல்லை. என் மனைவி அடுப்பு மூட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தோட்டத்துச் சனத்துக்கோ வேறு கவலை. அது கேக் போடுகிற கிழமை. கலவையைத் தட்டில் ஊற்றி எங்கள் போறணைக்குத்தான் எல்லாரும் கொண்டுவருவார்கள்.

"என்ன அண்ணே, பாலனைப் பொலிஸ் பிடிச்சிட்டுதாம்? இனிக் குடிலுக்கு என்ன செய்யிறது?"

"மச்சானையும் பிடிச்சிட்டுது," என்றேன்.

"ஓம் ஓம், கேள்விப்பட்டனான். என்ர தட்டு கருகாமல் பாருங்கோ."

இப்படி ஒருவர் பின் ஒருவராக. தலைவரும் வந்தார். "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எம்.பி.யின்ர ஆளுக்குச் சொல்லிவிட்டிருக்கு. பங்குச் சுவாமியும் ஒரு பெரிய இடத்துக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். நீர் மட்டும் அங்க போகாதையும். உம்மையும் பிடிச்சு வைப்பாங்கள்." சொல்லிவிட்டிருக்கு, சொல்லிவிட்டிருக்கு. எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒருவரும் போகவில்லை.

குடிலுக்குக் கலர் பல்ப் தருகிற முஸ்லிம் நானா ஒருவர் சந்தியில் கடை வைத்திருந்தார். அவர் என்னைக் கண்டதும் சிரித்தார். "என்ன தம்பி, ஒங்கட ஆண்டவரையும் உள்ளுக்குப் போட்டுட்டாங்களாமே?" உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "மச்சானுக்குத் திங்கக் குடுத்தாங்களா? போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். மச்சானைப் பற்றி முதலில் கேட்டவர் அவர்தான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

இருபத்திநாலாம் திகதி காலை, கடையில் வாங்கிய சோற்றுப் பார்சலோடும் மச்சானுக்கு உடுக்க ஒரு சாரத்தோடும் போனேன். எந்தப் பொலிஸ் என்று எழுதவில்லை. வாங்கிலில் மத்தியானம் வரை குந்தியிருந்தேன். கடைசியாக ஒரு சார்ஜன் கூப்பிட்டார். கையில் செபமாலை மோதிரம். சிலாபம் பக்கத்துச் சிங்கள ஆள், தமிழ் கொஞ்சம் கதைத்தார். மேசையில் கோப்புகளுக்கு நடுவே, பேப்பர் பிரித்தபடி, பாலன் மல்லாந்து கிடந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தூக்கச் சொல்கிற பிள்ளை மாதிரி.

"நானும் வேதக்காரன்தான்," என்றார் சார்ஜன். "இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு நத்தார். இது இங்க கிடக்கிறது பாவம்."

"மச்சான்?"

"ஆளை இப்ப விட ஏலாது. மன்னாருக்கு மெசேஜ் போட்டுக் கேக்கணும். நாள் போகும்."

பாலனைப் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். அதைக் கொண்டுபோனால் தோட்டமே என்னைத் தூக்கிக்கொண்டாடும். யாரும் பிறகு மச்சானைக் கேட்கமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. தோட்டத்தில், தலைவரில், சொல்லிவிட்ட எல்லாரிலும். உண்மையைச் சொன்னால் ஆண்டவரிலும்தான். வந்ததுதான் வந்தார், ஒரு பெரிய ஆளாக வந்திருக்கக்கூடாதா? ஒரு போன் போட்டு ஆளை வெளியே எடுக்கிறவராக? தூக்கிப் போகவும் ஆள் வேண்டிய பிள்ளையாக வந்து என்ன பிரயோசனம்?

பார்சலைத் திரும்ப மேசையில் வைத்தேன். "ஆளை விடாட்டி இவரும் இருக்கட்டும்," என்றேன். "ரெண்டு பேரையும் ஒண்டாத்தானே பிடிச்சனீங்கள்."

நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். பக்தியில் சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னேன். சார்ஜன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பைத்தியமா உங்களுக்கு?" என்றார். பிறகு சோற்றுப் பார்சலையும் சாரத்தையும் பாலனையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தோட்டத்தில் நடந்ததை எழுதினால் கை கூசும். "உமக்கு மூளை இருக்கா?" என்று தலைவர் குழாயடியில் நின்று கத்தினார். "கையில தந்ததை வைச்சிட்டு வாறதோ? வெறும் வைக்கோலுக்கு லைற் போட்டுக் காட்டுறதோ?" சுற்றி நின்ற பெண்கள், "நத்தாரைக் கெடுத்துப்போட்டார்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனேன். மனைவிக்கு மெதுவாகச் சொன்னேன். அவளும் ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். "அப்ப அவன் தனிய இல்லை," என்றாள். எழும்பி அடுப்பை மூட்டினாள்.

பாதுகாப்புக் காரணமாக அந்த வருடம் நத்தார்ப் பூசை பின்னேரமே நடந்தது. கடவுள் மனிதனானார் என்று சுவாமி வழமைபோலப் பிரசங்கம் வைத்தார். வருடா வருடம் கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அந்தச் 'சொல்லிவிட்டிருக்கு' என் காதை விட்டுப் போகவில்லை. ஆண்டவரும் தீர்க்கதரிசிகளிடம் எத்தனையோ காலம் சொல்லிவிட்டுப் பார்த்தவர்தானே. பிறகு சொல்லிவிடுவதை நிறுத்திவிட்டுத் தானே வந்தார். வந்து ஒருவரையும் வெளியே எடுக்கவில்லை. உள்ளே வந்து இருந்தார். அதில் என்ன ஆறுதல் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. என் மனைவி அடுப்பு மூட்டியதைப் பார்த்த பிறகு தெரிந்தது.

குடிலில் அந்த நத்தார் முழுவதும் வைக்கோல்தான். பல்ப் மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. நான் சோறு கொண்டுபோகிற நாட்களில் சார்ஜன் இருந்தால் வாங்குவார். இல்லாவிட்டால் விரட்டுவார்கள். மூன்று இராசாக்கள் திருநாளும் கழிந்து, குடிலைக் கழற்றிப் பலகைகளை அடுக்கிய பிறகுதான், ஒரு பின்னேரம் மச்சான் சொப்பிங் பையோடு நடந்து வந்தான். மெலிந்திருந்தான். ஒரு காதால் சரியாகக் கேட்கவில்லை. அக்காவைக் கண்டதும் நிலத்தில் இருந்துவிட்டான்.

தலைவர் வந்தார். பையைத் திறந்து பாலனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முகத்தில பெயின்ற் எல்லாம் போயிட்டுதே!"

"ஓம்," என்றான் மச்சான். "உள்ளுக்கு இருந்த ஆக்கள் எல்லாரும் மாறி மாறி வைச்சிருந்தவை. சிலபேர் வேதக்காரர் இல்லை. விசாரணைக்குப் போறவர் கன்னத்தில தடவிப்போட்டுத்தான் போவார்."

தலைவர் பாலனைத் திரும்பப் பைக்குள் வைத்தார். குடிலும் இல்லை, பாலனை வைக்க இடமும் இல்லை. எங்கள் வீட்டில் பிஸ்கட் தகரத்துக்கு மேலே அடுத்த நத்தார் வரை இருந்தது.

கமிட்டிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். வடிவான பாலன் வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் அந்த வைக்கோலில் இதைத்தான் வைக்க வேண்டும். புதுப் பெயின்றும் அடிக்க வேண்டாம். சண்டை முடியவில்லை. உள்ளே இருக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசிவரை இருந்தான். "அத்தான், பெயின்ற் காயேல்லை எண்டதை எழுதினீங்களோ? அதை விட்டால் என்னை மடையன் எண்டு நினைப்பினம்," என்றான். எழுதியிருக்கிறேன் என்றேன்.

மார்கழி மாதம் பதினெட்டாம் திகதி, கேக் தட்டுகள் வர முன்னம்.