ரங்கனைத் தேட ஆளில்லை

1. முதல் நாளே வசவு

நான் எழுதிய முதல் கம்ப்யூட்டர் கேமை முதல் ஆளாக விளையாட உட்கார்ந்தவர் கிளாவரை என்ற மலைக்கிராமத்துக்காரர். பூண்டு மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று மாடியேறி வந்தவர். ஐந்தே நிமிடத்தில் என்னைத் திட்டிவிட்டு எழுந்து போனார்.

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானல் ஏரிக்குப் போகும் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் கடை. ஓனர் தங்கராஜ் அண்ணாச்சி. அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு சின்னக் கம்ப்யூட்டர், இரண்டு டிவி, ஒரு டேப் ரெக்கார்டர், இவ்வளவுதான் கடை. கேசட்டைப் போட்டால் புரோகிராம் மெமரியில் ஏற ஐந்து நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் என்று அலமாரிக்குள் நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிட்டிருப்போம். அதுவரை ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு கிழிந்த புத்தகத்தை வைத்துப் படித்து எழுதிய கேம் அது. திரையில் தமிழ் எழுத்து வராது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன்.

கதை எளிது. ரங்கன் என்று ஒருவன். வயது இருபத்தைந்து, தைரியசாலி. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடகவுஞ்சியிலிருந்து கிளாவரைக்கு நடக்க வேண்டும். வழியில் மூடுபனி, காட்டுமாடு, அட்டைக்கடி, மண்சரிவு. இடதா வலதா என்று நாம் சொல்ல வேண்டும். தெம்பு நூறில் ஆரம்பிக்கும். சைபருக்கு வந்தால் ஆள் காலி.

கிளாவரைக்காரர் டிவியை முறைத்தார். "யாருங்க இந்த ரங்கன்? எங்கூரு ஆளா?"

"இல்லீங்க, நானா வச்ச பேரு."

"அதானே பாத்தேன். எங்கூருக்காரன் எவனாச்சும் மழையில ஓடை வழியாப் போவானா? சோலைக்குள்ள பூந்து மேட்டோட வெரசாப் போயிருவான். நீங்க காட்டுறது ரெண்டும் கூறுகெட்ட வழி. இந்தக் கிறுக்கனோட எனக்கென்ன சோலி?"

எனக்குச் சுருக்கென்றது. 'விளையாடத் தெரியவில்லை, என்னைச் சொல்கிறார்' என்று இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் மண்டையில் ஏறியது. நான் எழுதிய ரங்கன் நான் நினைத்த மாதிரிதான் நடப்பான். அவர் நடக்க ஆசைப்பட்டது அவராகவே.

2. மாமியாரும் காட்டுமாடும்

ரங்கனைத் தூக்கிக் கடாசினேன். புரோகிராம் ஆரம்பித்ததும் கேள்வி கேட்கும்: பேர் என்ன? எந்த ஊர்? கையில் என்ன கொண்டுவந்தாய்? என்ன வேலை தெரியும்? அப்புறம் கூடுதலாகக் கிடைக்கும் பத்துப் புள்ளியைத் தெம்பு, தந்திரம், அதிர்ஷ்டம் என்று அவரவர் இஷ்டத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

அந்த சீசனில் கூட்டம் அள்ளியது. மாமியார் பேரைப் போட்டு, வேண்டுமென்றே காட்டுமாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திய மதுரைக்காரர்களை எனக்குத் தெரியும்.

"ஏலே, அப்பல்லாம் அஞ்சு நிமிசம்கூட உக்காரமாட்டேங்குறாங்கன்னு அழுதோம். இப்ப எந்திரிக்கச் சொன்னாலும் அசையமாட்டேங்குறாங்கடா!" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. செல்வி உட்கார்ந்த மத்தியானம்

கேசட்டை ஓடவிடுவதும், வருகிறவர்களுக்கு எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டுவதும் செல்வியின் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவளுக்கும் அம்மாவுக்கும் இந்தியக் குடியுரிமைக் காகிதம் கிடைத்தது. அண்ணன் யோகராஜுக்குக் கிடைக்கவில்லை. அவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு அங்கே கலவரம். மாதக்கணக்கில் கடுதாசி இல்லை. காலையில் கடைக்குள் வந்ததும், "இன்னைக்கும் இல்லீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்வெட்டரைக் கழற்றுவாள்.

ஒரு மழை மத்தியானம், கடையில் ஆளில்லை. அவளே விளையாட உட்கார்ந்தாள். நான் ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திரையில் நான் எழுதிய வரி: மண்சரிவு. யோகராஜ் இறந்துவிட்டான்.

"அவரை இங்க கூட்டியாந்திரலாம்னு பேரைப் போட்டேண்ணே. பத்துப் புள்ளியும் தெம்புக்கே குடுத்தேன்."

"அது சும்மா தாயி. கம்ப்யூட்டரே ஏதோ ஒரு நம்பரைக் குலுக்கிப் போடுது, அவ்வளவுதான்."

"இருக்கிற மனுசரை இப்படி எழுதலாமா? நம்பரா எழுதுச்சு? நீங்கதானே எழுதுனீங்க?"

விளையாட்டுக்குக்கூடச் சாவு என்ற வார்த்தையைச் சொன்னால் வாயிலேயே அடி போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். அதே நான்தான், யார் பேரை அடித்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும்படி அந்த வார்த்தையை எழுதித் தயாராக வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

கேமிலிருந்து சாவையே எடுத்துவிடலாம் என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "ஒண்ணும் ஆகாதுன்னா எவன்டா விளையாடுவான்? அதுக்கு ஏரியைச் சுத்தி வரலாமே." அவர் சொன்னதும் சரிதான். கடைசியில் ரங்கனைத் திரும்பக் கூப்பிட்டேன். ஒன்றாம் நம்பரை அமுக்கினால் நீங்கள் பேர் வைக்கும் ஆள். தெம்பு தீர்ந்தால் 'வழியில் தங்கிவிட்டார்' என்று மட்டும் வரும். இரண்டாம் நம்பரை அமுக்கினால் ரங்கன். அவனுக்கு மட்டும் 'இறந்துவிட்டான்' என்ற பழைய வரிதான்.

மூன்றாம் நாள் செல்வி வந்தாள். காட்டினேன்.

"இந்த ரங்கனுக்கு அம்மா இருக்காங்களா?"

"இல்ல."

"தங்கச்சி?"

"எழுதல."

"அப்ப யாரும் தேடமாட்டாங்க" என்று சொல்லி இரண்டை அமுக்கினாள். அன்று ரங்கன் ஏழு தடவை செத்தான். ஐந்தாம் தடவை அவன் அட்டைக்குப் பயந்து ஓடையில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

4. மண்டபத்திலிருந்து வந்தவர்

பனிக்காலம் முடியும்போது கடுதாசி வந்தது, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமிலிருந்து. யோகராஜ் படகில் ஏறி வந்துவிட்டார். முகாமை விட்டு வெளியே வர அனுமதி கிடைத்து அவர் மலைக்கு வந்த அன்று, செல்வி அவர் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த மனிதர். அவளுடைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். நானே ஒன்றை அமுக்கி, "உங்க பேரை அடிங்க" என்றேன். நான்கு கேள்விகளும் வரிசையாக வந்து நின்றன. அவர் கீபோர்டில் கை வைக்கவே இல்லை.

"கரையில எறங்கினதும் வரிசையில நிறுத்தி இதையேதாங்க கேட்டாங்க. பேரு, ஊரு, என்னா கொண்டாந்தே, என்னா வேலை தெரியும்னு. திரும்பவும் சொல்ல ஏலாதுங்க. பேரு போட்டு ஆயத்தமா யாராச்சும் இருந்தாக் குடுங்க."

ரங்கனைக் கொடுத்தேன். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யோசித்து, பதினொரு தெம்பு மிச்சத்தோடு கிளாவரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பக்கத்தில் செல்வி கை தட்டி அழுதுகொண்டிருந்தாள்.

ஆளை நாம் எழுதித் தருவதா, விளையாடுகிறவரே உருவாக்கிக்கொள்ளட்டுமா என்று இன்று கேம் எழுதும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டையும் வையுங்கள் என்பேன். பேரைக் கேட்பது மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்விக்கு எத்தனை இடத்தில் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது.