கனடாவின் ‘கவ்வாத்து’ எங்கள் மைதானத்தில் கலைந்த கதை

சவுண்ட் போட்டே நரைத்தவன் நான். மழைக்குக் கூட்டம் ஓடிப் பார்த்திருக்கிறேன், கல்லெறிக்கு ஓடிப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டின் முதல் அடிக்கே ஒரு தோட்டம் மொத்தமும் அலறிக்கொண்டு ஓடியதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இன்றைக்கு மிக்ஸர் பிடிக்க வரும் பிள்ளைகளுக்காக அதைச் சொல்கிறேன்.

1. வந்தவர்கள்

இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே பிறந்து, சின்ன வயதில் சித்தப்பாவோடு கனடா போன ரமேஷ், மூன்று வெள்ளைக்காரர்களைச் சேர்த்து ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் தொடங்கினான். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலையின் பெயரையே அதற்கு வைத்தான்: ‘கவ்வாத்து’. முதல் ஆல்பம் அங்கே ஓகோவென்று ஓடியது. இரண்டாவது படுத்துவிட்டது. எங்கள் கோயில் திருவிழாவில் வாசிப்பதை நேரலையில் கனடாவிலுள்ள ஓர் இசைக் கம்பனி பார்க்கும். பிடித்தால் மூன்றாவது ஆல்பம், இல்லாவிட்டால் பேண்ட் கலைந்தது.

"அண்ணே, இதுதான் கடைசி சான்ஸ். சனம் ஆடுறது கேமராவுல தெரியணும்" என்றான் ரமேஷ்.

"நம்ம சனம் ஜெனரேட்டர் சத்தத்துக்கே ஆடும், நீ கவலப்படாத" என்றேன்.

சவுண்ட் செக்கில் டிரம்மர் டபுள் கிக்கை மிதித்த மிதியில் என் பேஸ் பொக்ஸ் ஒன்று புகைந்தே போனது. "அடப்பாவி, இது மேளமா, கல்லு ஒடைக்கிற மெஷினா!" என்று கத்தினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, கட்டைவிரலைக் காட்டினான்.

லேப்டாப்பிலிருந்தும் ஒரு லைன் வந்தது. "அதுல என்ன தம்பி?"

"புதுப் பாட்டோட ஆரம்பம்ணே. மேடையிலதான் எல்லாரும் மொதல்ல கேக்கணும்."

சரி என்று லெவலை மட்டும் வைத்துக்கொடுத்தேன்.

2. முதல் அடி

சாயந்திரம் பழைய பாட்டுகளுக்குச் சனம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! கேமராக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றான். பிறகு புதுப் பாட்டு. லேப்டாப்பிலிருந்து தப்பு மேளம் கேட்டது.

அது சாவுத் தப்பு. தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிட ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. சாவு அடி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அதை விளையாட்டுக்குக்கூட யாரும் அடிக்கமாட்டார்கள். நான் லெவலை இறக்குவதற்குள் என் பொக்ஸ்கள் அதை மலை முழுக்க அடித்துவிட்டன.

சாவுத் தீட்டென்று பூசாரி அவசரமாகச் சாமிக்குத் திரையை இழுத்தார். ஒரு பெண் மேடையில் நின்ற ரமேஷைக் காட்டி அலறினாள்: "ஐயோ, அவனே அடிக்கிறானே! அவங்க ஆத்தாதான் போயிருச்சு!"

ரமேஷின் அம்மா முழங்கால் வலியால் மேல் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், படுத்திருந்தார். கூட்டம் மொத்தமும் அங்கே ஓடியது. எங்கள் லொறி டிரைவர் சுனில் என் தோளைப் பிடித்து உலுக்கினான்: "மச்சாங், மொகத உனே?" என்ன ஆனதென்று அவன் சிங்களத்தில் கேட்க, மேல் லயத்தைக் கைகாட்டினேன். கேமரா காலி மைதானத்தைக் கனடாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

3. மேல் லயம்

ரமேஷ் மேடையிலிருந்து குதித்து ஓடினான். பின்னால் நாங்களும் ஓடினோம். லயத்து வாசலில் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் அம்மா, உயிரோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருடி செத்தது? தப்பு கேட்டுச்சேன்னு நானே பதறிப்போய் நிக்கிறேன்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லாரும் விழித்தோம். ரமேஷ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அது அப்பா சாவுல அடிச்சதும்மா. ஃபோன்ல புடிச்சு அனுப்புனாங்கல்ல, அங்க அதக் கேட்டுக் கேட்டுத்தான் அழுதேன். அதான் பாட்டுல போட்டேன். இங்க அது கேட்டா சனம் ஓடிவரும்னு மறந்தே போச்சும்மா."

அப்பா இறந்தபோது அவன் டூரில் இருந்தான், வரவில்லை. அது தோட்டத்துக்கே தெரியும்.

ரமேஷின் ஃபோனுக்குக் கம்பனியிலிருந்து கோல் வந்தது. கேட்டுவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டான். "முடிஞ்சிருச்சுண்ணே" என்றான்.

கலையப்போன கூட்டத்தை அம்மா கைகாட்டி நிறுத்தினார். "வந்த சனம் நில்லுங்க. டேய், ஒங்கப்பனுக்கு நீ ஒண்ணும் செய்யல. இப்ப அடி."

யாரோ தப்பை நீட்டினார்கள். அழுதுகொண்டே அடித்தான். அடி அங்கங்கே தடுமாறியது, யாரும் குறை சொல்லவில்லை. டிரம்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலியோரம் நின்றான். சுனில் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எபா மச்சாங், மைக் வேணாம்" என்று தடுத்தேன்.

அந்த வாரமே பேண்ட் கலைந்தது. நான் படித்தது இதுதான்: எந்தச் சத்தத்தையும் பொக்ஸில் விடுவதற்கு முன்னால், அது அந்த ஊரில் யாரைக் கூப்பிடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கூப்பிட்டதும் ஒரு தோட்டமே வந்துவிட்டது.